கோச்சுஜாங் மாட்டுக் கைமா: தண்ணீர் விடுகிறது, அடியில் கசக்கிறது, உப்பும் கூடுகிறது

சுவொன்வாசி (கேள்வி)

தென்கொரியாவில் சுவொன் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். ஓர் அறை வீடு, ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு, ஒட்டாத பூச்சுள்ள ஒரு வாணலி. வருகிற சனிக்கிழமை ஆய்வகத்து நண்பர்கள் நால்வர் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் இருவர் கொரியர்கள். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்று இணையமெங்கும் சத்தியம் செய்கிறார்களே, அந்தக் ‘கொரியக் கார மாட்டுக் கைமா’தான். ஒரு பவுண்டு கைமா, கால் கப் சோயா சாஸ், மூன்று மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கோச்சுஜாங் (கொரியாவின் புளித்த மிளகாய் விழுது), பூண்டு, இஞ்சி, எள்ளெண்ணெய். வதக்கிச் சோற்றின் மேல் போட்டால் போதும் என்கிறது குறிப்பு.

எனக்குக் கிடைப்பது வேறு. கறி சிவக்கவே மாட்டேன் என்கிறது. சாம்பல் நிறத்தில் தன் தண்ணீரிலேயே வெந்து ரப்பராகிறது. தண்ணீர் வற்றட்டும் என்று சூட்டைக் கூட்டினால் சாஸ் அடியில் பிடித்துக் கசக்கிறது. போதாக்குறைக்கு உப்பு கரிக்கிறது. தனியாக ஒரு கல் உப்புகூட நான் போடுவதில்லை. சோள மாவு கரைத்து ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் கொழகொழப்பானதுதான் மிச்சம். எங்கே தவறுகிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

அடுப்பங்கரை

மூன்று கோளாறும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை என்று தோன்றுகிறது தம்பி. தீர்ப்புச் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். கறியின் எடை என்ன, உறைந்த கறியா, வாணலி எவ்வளவு அகலம்? சோயா புட்டியில் உள்ள பெயரை அப்படியே வாசித்துச் சொல்லுங்கள். அந்த ஊரில் வெறுமனே ‘சோயா சாஸ்’ என்றால் கடைக்காரரே எது என்று திருப்பிக் கேட்பார். கோச்சுஜாங் டப்பா என்ன நிறம்? சிவப்பு என்றால் சரி. பச்சை என்றால் அது ஸம்ஜாங். கறியை இலையில் மடித்து உண்ணும்போது வைத்துக்கொள்வது. பழுப்பு என்றால் தோன்ஜாங், மிளகாய் சேராத புளித்த சோயா விழுது. கடைசியாக, எதை எப்போது வாணலியில் போடுகிறீர்கள்?

சுவொன்வாசி

நன்றி அக்கா. டப்பா சிவப்புதான். கறிக்கடையில் ‘ஒரு கன்’ என்று கேட்டு வாங்கினேன், 600 கிராம். உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பாதி இளகியதும் போட்டுவிடுவேன். வாணலி 20 செ.மீ. புட்டியில் ‘குக் கான்ஜாங்’ என்று இருக்கிறது. இருந்தவற்றிலேயே வெளிர் நிறமாக இருந்ததால் உப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்று எடுத்தேன். எள்ளெண்ணெயைச் சுடவைத்துக் கறி, பூண்டு, இஞ்சி, கலந்த சாஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறேன்.

அடுப்பங்கரை

உப்பு வழக்கு முடிந்தது. குக் கான்ஜாங் என்பது சூப்புக்கான சோயா. சூப்பின் நிறம் கெடாமல் உப்பை மட்டும் ஏற்றுவதற்காக வைத்திருப்பது. நிறம் வெளிறியிருக்கும், உப்போ மற்றதைவிட அதிகம். வதக்கலுக்கும் பொரியலுக்கும் வாங்க வேண்டியது ஜின் கான்ஜாங் அல்லது யாங்ஜோ கான்ஜாங். இன்னொன்று: அமெரிக்கக் குறிப்புகள் பலவும் உப்புக் குறைத்த சோயாவைக் கணக்கில் வைத்து எழுதப்படுபவை. கால் கப் என்பது நான்கு மேசைக்கரண்டி. கோச்சுஜாங்கிலும் உப்பு உண்டு. உங்கள் 600 கிராம் கறிக்கு ஜின் கான்ஜாங் இரண்டரை மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம், கூடினால் என்ன செய்வது?

இனி தண்ணீர். குறிப்பு ஒரு பவுண்டுக்கு எழுதியது, அதாவது 454 கிராம். அதுவும் 30 செ.மீ. வாணலியை மனதில் வைத்து. நீங்கள் 20 செ.மீ. வாணலியில் 600 கிராமை, அதுவும் உள்ளே பனிக்கட்டியோடு, குவிக்கிறீர்கள். கறி விடும் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை வாணலி 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வாசனை எழ ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். போதாததற்குச் சாஸையும் ஊற்றிவிடுகிறீர்கள். அது வதக்கலே அல்ல, அவியல்.

முதல் நாள் இரவே கறியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி முழுதாக இளகவிடுங்கள். காகிதத் துவாலையால் ஒற்றுங்கள். மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மெல்லிய அடையாகப் பரப்பி அழுத்திவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இதுதான் கடினம், எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் திருப்பி உதிர்த்து, வெந்ததும் தட்டில் எடுத்துவிட்டு அடுத்த பங்கு. ஒட்டாத பூச்சு வாணலியை மட்டும் வெறுமையாக முழுச் சூட்டில் காயவிடாதீர்கள். சிறிது எண்ணெயோடு மிதமான சூட்டுக்குச் சற்று மேலே போதும்.

கசப்புக்குக் காரணம் சர்க்கரை. கடையில் வாங்கும் கோச்சுஜாங்கில் மிளகாய்த்தூள், அரிசி, புளிக்கவைத்த சோயாவோடு ஸ்டார்ச் சிரப்பும் இருக்கும். அதற்கு மேல் பழுப்புச் சர்க்கரை வேறு. கறிக்கு வேண்டிய சூட்டில் இது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கறி முழுவதும் சிவந்து வெளியே வந்தபின் சூட்டைத் தணித்து, பூண்டு இஞ்சியை அரை நிமிடம் வதக்கி, இரண்டு மூன்று கரண்டி தண்ணீரில் கரைத்த சாஸை ஊற்றி, குமிழ் வந்ததும் கறியைப் போட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள். எள்ளெண்ணெய் அடுப்பை அணைத்தபின். அது வறுத்த எள்ளில் எடுப்பது, வாசனைக்கானது. பொரிப்பதற்குச் சாதாரண எண்ணெய் போதும்.

சோதனைக்குழாய்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். அரைக் கிலோ கைமாவுக்கு ஆப்பசோடா கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல், ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரானது) ஏறினால் கறியின் புரதம் அவ்வளவாக இறுகாது, தண்ணீரையும் அதிகம் விடாது, சிவப்பதும் சீக்கிரம். அளவைக் கூட்டினால் சவர்க்காரச் சுவை வரும், எச்சரிக்கை.

பழக்கடை

கிவிப் பழத்தை அரைத்துப் பிசறினால் கறி பஞ்சாகிவிடும் என்பார்களே? கொரியர்கள் பேரிக்காய்கூடப் போடுவார்கள்.

சோதனைக்குழாய்

அது துண்டுக் கறிக்கு. கிவியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ஏற்கெனவே எந்திரத்தில் அரைபட்ட கைமாவில் அதைப் போட்டால் களியாகும். பேரிக்காய்ச் சாறு புல்கோகிக்கு, அதாவது சோயாவில் ஊறவைத்துச் சுடும் மெல்லிய மாட்டுக்கறித் துண்டுகளுக்கு, அருமை. இவருக்கு இருக்கும் தண்ணீரே போதும்.

ஜொன்ஜூ மருமகள்

ஜொன்ஜூவில் கொரியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எள்ளெண்ணெயை அடுப்பில் வைக்கவே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. கடற்பாசிச் சூப்பான மியொக்குக்குக்கு மாட்டுக்கறியை எள்ளெண்ணெயில் வதக்கித்தான் என் மாமியார் தொடங்குவார், குறைந்த சூட்டில். புகைய விடக் கூடாது, அவ்வளவுதான். இவர் கேட்கும் சமையலுக்குக் கடைசியில் விடுவதே சரி.

தம்பி, இன்னொரு செய்தி. நீங்கள் செய்வது அமெரிக்கச் சமையலறைகளில் புல்கோகியைப் பார்த்துப் பிறந்த உணவு. அதில் ஒரு குறையும் இல்லை, என் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் கைமாவும் கோச்சுஜாங்கும் சேரும் பழைய பண்டம் ஒன்று இங்கேயே இருக்கிறது. யாக் கோச்சுஜாங் என்பார்கள். அதில் அளவு தலைகீழ்: ஒரு கப் கோச்சுஜாங்குக்கு 100 கிராம் கறி போதும். கறியைச் சோயா, பூண்டு போட்டு வதக்கி, கோச்சுஜாங்கும் சிறிது தண்ணீரும் சேர்த்துச் சிறு சூட்டில் கிண்டிக்கொண்டே இருந்து, தேன், எள்ளெண்ணெய், பைன் பருப்பு சேர்த்து இறக்குவார்கள். காய்கறி வைத்துப் பிசையும் சோறான பிபிம்பாப்பில் ஒரு கரண்டி வைத்துப் பிசைந்து சாப்பிடுவோம். வெளிநாடு போகிறவர்கள் பெட்டியில் இதையும் வைப்பார்கள், நாம் பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போவதுபோல.

உங்கள் ஊர்க் கைமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கைமாவுக்குப் பெரும்பாலும் பின்தொடைக் கறியைத்தான் அரைத்துக் கொடுப்பார்கள். கொழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் உலரும். அமெரிக்கக் குறிப்புகளோ நூற்றுக்கு 15, 20 கொழுப்புள்ள கைமாவை எண்ணி ‘எண்ணெயே வேண்டாம், கொழுப்பை வடித்துவிடு’ என்று சொல்லும். நீங்கள் வடித்துவிடாதீர்கள், வடிக்க ஒன்றும் இருக்காது. விருந்தினர் யாருக்கும் மறுப்பில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு பன்றிக் கைமா கலந்துகொள்ளுங்கள். காரம் எந்தப் படி என்பது கோச்சுஜாங் டப்பாவிலேயே குறித்திருக்கும். ஐந்து படிகளில் நடுப்படி எல்லோருக்கும் ஒத்துவரும். நாம் வைக்கும் காரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. கூடுதல் காரம் வேண்டுமென்றால் கோச்சுஜாங்கைக் கூட்டாமல் கோச்சுகாரு மிளகாய்த்தூளைச் சேருங்கள். உப்பும் இனிப்பும் ஏறாமல் காரம் மட்டும் ஏறும்.

பெரம்பூர்

இடையில் ஒரு கேள்வி. சென்னையில் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாமா? நல்லெண்ணெய்தானே எள்ளெண்ணெய்?

அடுப்பங்கரை

தாராளமாகச் செய்யலாம், இஞ்சியை இரட்டிப்பாக்குங்கள். ஆட்டுக் கொழுப்பின் வாசனைக்கு அது வேண்டும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது. வதக்குவதற்கு அதையே ஊற்றுங்கள், ஆனால் அந்த வறுத்த மணம் வராது. இறக்கும்போது எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கித் தூவினால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். கோச்சுஜாங்குக்குப் பதில் நம் மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். அது வெறும் காரப்பொடி, இது புளித்த விழுது. கொரியக் கடையில் சின்ன டப்பாவாக வாங்கிவிடுவதே நல்லது. குளிர்பெட்டியில் மாதக் கணக்கில் இருக்கும்.

சுவொன்வாசி

ஜின் கான்ஜாங் வாங்கி, கறியை மூன்று பங்காகச் செய்து பார்த்தேன். ஆப்பசோடாவும் சேர்த்தேன். உப்பு சரியாகிவிட்டது. கறி ஓரமெல்லாம் மொறுமொறுப்பாகச் சிவந்தது. இதே வாணலியில் இப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அடிப்பிடிப்பது மட்டும் முழுதாகப் போகவில்லை. அடுப்பை இரண்டாம் எண்ணில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் சாஸ் நடுவில் மட்டும் வட்டமாகக் கருகுகிறது. சில நொடி கொதிக்கிறது, சில நொடி அடங்குகிறது.

மின்கம்பி

அது உங்கள் குற்றமில்லை, அடுப்பின் சுபாவம். மலிவான இண்டக்‌ஷன் அடுப்புகள் பலவும் சூட்டை உண்மையில் குறைப்பதில்லை. எண்ணைக் குறைத்தால், அதிக விசையில் சில நொடி எரிந்து சில நொடி அணைந்து, சராசரியாகத்தான் குறைகின்றன. எரியும் அந்தச் சில நொடியில் கம்பிச்சுருளுக்கு நேர் மேலே இருக்கும் வட்டம் தகிக்கும். வாணலியின் அடி மெல்லியதாக இருந்தால் சூடு பரவ வழியில்லை. கனத்த அடியுள்ள வாணலி நிரந்தரத் தீர்வு. சனிக்கிழமைக்குள் வேண்டுமென்றால், சாஸ் ஊற்றும் கட்டத்தில் வாணலியை அடுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். கறி வதங்கிய சூடே பூண்டு வதங்கவும் சாஸ் குமிழவும் போதுமானது. போதாவிட்டால் பத்து நொடி திரும்ப வைத்து எடுங்கள்.

சுவொன்வாசி

வாணலியைக் கீழே இறக்கிவைத்துச் சாஸை ஊற்றினேன். துளிகூடப் பிடிக்கவில்லை. கரண்டியால் வழித்தால் வாணலி சுத்தமாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு கேள்விகள். இதற்குப் பக்கத்தில் என்ன வைப்பது? ஒரே அடுப்பில் ஐந்து பேருக்கு எப்படிச் சூடாகப் பரிமாறுவது?

ஜொன்ஜூ மருமகள்

அடுப்பில் ஏற்றாதவற்றையே பக்கத்தில் வையுங்கள். லெட்யூஸ் இலையும் பெரில்லா இலையும் கழுவி நீர் வடித்து ஒரு தட்டு. பெரில்லாவின் வாசனைக்கும் இந்தக் காரத்துக்கும் அவ்வளவு பொருத்தம். வெள்ளரிக்காயை மெல்லிய வில்லையாக்கி உப்பில் பிசறிப் பிழிந்து, வினிகர், சர்க்கரை, சிறிது கோச்சுகாரு சேர்த்தால் ஒரு கூட்டு. கிம்ச்சி கடையில் வாங்கியதே போதும், ஆய்வக மாணவனிடம் வீட்டுக் கிம்ச்சியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வறுத்த கிம் (கடற்பாசி) தாள் ஒரு கட்டு. சோறு குட்டை அரிசியில், மின்குக்கரில். பாஸ்மதி வேண்டாம், உதிரி உதிரியாக இலையில் நிற்காது.

அடுப்பங்கரை

சூட்டுக்கு வழி: கறியை நண்பர்கள் வருவதற்குச் சற்று முன் மூன்று பங்காகச் சிவக்க வதக்கி வைத்துவிடுங்கள், சாஸைக் கிண்ணத்தில் கரைத்துத் தயாராக வையுங்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கறி முழுவதையும் திரும்ப வாணலியில் போட்டு நன்றாகச் சூடேற்றி, இறக்கிவைத்துச் சாஸை ஊற்றிப் புரட்டினால் ஐந்து நிமிட வேலை. முன்பே வதக்கும்போது அரைவேக்காட்டில் எடுத்து வைக்காதீர்கள். கைமாவில் மேல்பரப்பில் இருப்பதெல்லாம் அரைபட்டு உள்ளே போய்விடும், அதனால் நடுவிலும் 71 டிகிரி எட்ட வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போகட்டும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் சோற்றோடு கிளறி மேலே ஒரு முட்டை பொரித்து வைத்தால் எனக்கு அதுதான் விருந்தைவிடப் பிடிக்கும்.