கோத்தகிரி இறக்கத்துக்கு சைக்கிள்ல எந்த ஹைட்ராலிக் பிரேக்: ஷிமானோ எம்.டி.200-ஆ, டியோரா?

சக்கரப்பாதை:
அலுமினிய ஹார்ட்டெயில் சைக்கிள் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன்), 3x7 கியர் (முன்னாடி 3, பின்னாடி 7 பல்சக்கரம்). முன்னாடியும் பின்னாடியும் கேபிள் டிஸ்க் பிரேக், 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் தட்டு). ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 95 கிலோ. மழை நாள்ல கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா பாதி வழியிலேயே லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுது. தேயிலை எஸ்டேட் மண் பாதையிலும் ஓட்டுவேன். ஷிமானோ எம்.டி.200 போதுமா, டியோர் 4 பிஸ்டன் (எம்6120) வாங்கணுமா?

பதினாலாம் வளைவு:
பிரேக்குக்கு முன்னாடி ஷிஃப்டரை (கியர் மாத்துற லிவர்) பாருங்க. 3x7 வண்டியில பெரும்பாலும் ஷிமானோ இ.எஃப்.500 இருக்கும், அதுல பிரேக் லிவரும் ஷிஃப்டரும் ஒரே துண்டு. ஹைட்ராலிக் போட்டா அதைக் கழற்றியே ஆகணும், தனி ஷிஃப்டர் வாங்கணும். இந்தச் செலவை விட்டுட்டு ஆர்டர் போட்டவங்கதான் அப்புறம் வந்து முழிக்கிறாங்க.

லிவர் உள்ளே போறதுக்குக் காரணம் பேட் (ரோட்டரை அழுத்திப் பிடிக்கிற கட்டை) தேய்மானம். கேபிள் பிரேக் தேஞ்ச அளவுக்குத் தானா நெருங்காது, காலிப்பர் (பேட் உட்கார்ற பகுதி) திருகை நாமதான் திருப்பணும். ஹைட்ராலிக்ல ஆயில் அழுத்தத்துல பேட்டைத் தள்ளுற பிஸ்டன் தானாவே முன்னாடி வரும். அந்த வகையில எம்.டி.200-ஏ பெரிய மாற்றம்தான். முன்னாடி 180 மி.மீ. ரோட்டர் போடுங்க, அதே கை அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி. ஃபோர்க் தயாரிப்பாளர் 180-க்கு அனுமதிக்கிறாரான்னு பார்த்துக்குங்க, அடாப்டரும் வேணும். ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) ரோட்டர் மாட்டுறது 6 போல்ட்டா, நடுவுல ஒரே வளையத்தால பூட்டுற சென்டர் லாக்கான்னு பார்க்காம ரோட்டர் வாங்காதீங்க.

செம்மண் டயர்:
ரோட்டர் விஷயத்துல மேலே சொன்னது சரி. இரண்டு பக்கமும் எம்.டி.200-ங்கிறதுல எனக்கு உடன்பாடில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறக்கம். 95 கிலோவுக்கு 13 லட்சம் ஜூலுக்கு மேல் வருது. காற்று தின்னது போக மிச்சமெல்லாம் ரோட்டர், பேட் வழியாத்தான் சூடா வெளியேறணும். எம்.டி.200-க்கு ஷிமானோ சொல்றது ரெசின் (பிசின் கலவை) பேட் மட்டும். ரெசின் ரொம்பச் சூடானா மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாயிடும்; அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். ஈரச் செம்மண்ல அது சாணைக்கல்லில் தேய்ச்ச மாதிரி கரையவும் செய்யும்.

முன்னாடி எம்6120 காலிப்பர், எம்6100 லிவர், ஆர்.டி.66 180 மி.மீ. ரோட்டர், மெட்டல் பேட். பின்னாடி எம்.டி.200 போதும், இறக்கத்துல எடை முன்னாடி சாயுது, மண்ல பின்சக்கரம் எப்படியும் லேசா பிடிச்சாலே பூட்டிக்கும். 'ரெசின் பேட் மட்டும்'னு பொறிச்ச ரோட்டர்ல (ஆர்.டி.26 மாதிரி) மெட்டல் பேட் போட்டுடாதீங்க, ரோட்டர் சீக்கிரம் போயிடும். மெட்டல் சத்தம் போடும், குளிர்ல முதல் பிடி மந்தம். அதைப் பொறுத்துக்கணும்.

இன்னொண்ணு: ஆயில் குறைஞ்சா டூவீலர் ஸ்பேர்ஸ் கடை டாட் 4 பிரேக் ஆயிலை ஊத்திடாதீங்க. ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். டாட் பட்டா சீல் உப்பிக் கெட்டுடும்.

சக்கரப்பாதை:
பார்த்தேன், இ.எஃப்.500-தான். வலது கையில முன் பிரேக் வேணும், பைக் பழக்கம். செட் எப்படி வரும்?

பதினாலாம் வளைவு:
பல செட்டுல இடது லிவருக்குச் சின்ன ஹோஸ் (முன்), வலதுக்கு நீள ஹோஸ் (பின்) வரும். உங்களுக்கு நேர்மாறா வேணும், ஆர்டர் போடும்போதே கேளுங்க. இல்லைன்னா ஹோஸை மாத்தி மாட்டி, புது ஆலிவ், இன்சர்ட் (ஹோஸ் முனையில ஆயில் கசியாம அடைக்கிற சின்ன பாகங்கள்) போட்டு ப்ளீட் பண்ணணும், அதாவது உள்ளே இருக்கிற காற்றை வெளியேத்தணும். 95 கிலோ கணக்குக்கு அந்த முன் காலிப்பர் யோசனையை நானும் ஏத்துக்கிறேன்.

செம்மண் டயர்:
மாட்டும்போது ரோட்டர் போல்ட்டுக்கு டி25 (நட்சத்திர முனை) சாவி, 4 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டாம். காலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடிச்சபடி 6-லிருந்து 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்க, உரசல் போயிடும். செயின் ஸ்ப்ரே ரோட்டர் பக்கமே வரக்கூடாது. பட்டுட்டா ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைக்கலாம், பேட் ஊறிட்டா குப்பைதான். ஜீப்லயோ பஸ்லயோ ஏத்தச் சக்கரத்தைக் கழற்றினா பேட் நடுவுல ஸ்பேசர் வைங்க. தெரியாம லிவரை அழுத்தினா பிஸ்டன் வெளியே வந்து ரோட்டரே நுழையாது.

புது பேட் போட்டதும் இறக்கத்துக்குப் போகாதீங்க. சமதளத்துல 20-25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாம, இருபது தடவை பிடிச்சு விடுங்க.