கூலிக்காரனா, பிள்ளையா?

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி இருக்கிறார், தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். பைபிளில் ரோமர் நிருபம் 8-ஆம் அதிகாரம் படித்தபோது "புத்திரசுவிகாரத்தின் ஆவி" என்ற இடம் வந்தது. புத்திரசுவிகாரம் என்றால் பிள்ளையாகத் தத்தெடுப்பது. வழக்கமாக ஆமென் சொல்லிவிட்டு நாங்கள் தாண்டிப்போகிற வசனம். அன்றைக்கு அவர் பேச ஆரம்பித்தார்.

அந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் பயந்துகொண்டே இருந்தாராம். தட்டு உடைந்தாலும் மார்க் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. அதனால் யாரும் கேட்காமலே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாராம். ஒருநாள் அம்மா துடைப்பத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "நீ வேலை செய்றதாலயா இங்க இருக்க?" என்று கேட்டாராம். சபையிலும் அதே பயத்தோடு ஓடி ஓடி ஊழியம் செய்கிறவர்களைப் பார்க்கிறேன் என்றார். எங்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். ரோம சட்டத்தில் தத்துப் பிள்ளைக்குப் புதிய தகப்பனின் பெயரும் சொத்துரிமையும் வந்துவிடும். ரோமப் பேரரசன் அகஸ்து இராயனே யூலியஸ் சீசர் உயில் எழுதித் தத்தெடுத்த மகன்தான். அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிக்கு இந்த நிருபத்தை எழுதும்போது, "பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" (சுதந்தரர் என்றால் வாரிசுகள்) என்று விளக்கமே இல்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே வசனத்தில் கிறிஸ்துவோடுகூடப் பாடுபடுவதும் இருக்கிறது. அந்தப் பாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

* * *

அக்கா, தத்தெடுக்கப்பட்ட சகோதரியைப் பற்றி மேலே நீங்கள் எழுதிய பகிர்வுக்கு நன்றி. என் கதை வேறு. எங்கள் வீட்டில் அப்பா வருகிற சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்வோம். அப்படி வளர்ந்தவனிடம் "தேவன் உன் தகப்பன்" என்றால் என்ன ஆறுதல்? ஒரு வயதான போதகர் மட்டும் எனக்கு உபதேசம் செய்யவில்லை. லூக்கா 15-ஐ, வீட்டைவிட்டுப் போன இளைய மகன் தகப்பனிடம் திரும்பி வரும் கதையை, என்னையே வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லத்தான் இளைய மகன் தயாராகி வருகிறான். ஆனால் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வருவதே இல்லை, அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அதைவிட என்னைத் தொட்டது மூத்தவன்தான். வீட்டிலேயே இருந்துகொண்டு இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன் என்று கணக்குப் பேசுகிறான். அவனைத் தேடியும் தகப்பனே வெளியே வந்து வருந்தி அழைக்கிறார், கை ஓங்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். "பிதாவே" என்று தொடங்க நாக்கு எழாத நாட்கள் இன்னும் உண்டு, அப்போது "ஆண்டவரே" என்று தொடங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து யாரும் அதைத் திருத்த வராதீர்கள்.