கொரியப் படம், நாடகம், கலை: பெண்ணை நேசிக்கும் பெண்ணை எங்கே பார்த்தீர்கள்? உங்கள் அனுபவம்

தேஜோன்வாசி:
2024இல் 'ஜொங்ன்யொன்' தொடர் டிவிஎன் என்ற கொரியச் சேனலில் ஓடியபோது எங்கள் ஆய்வகத்தில் தேநீர் நேரம் முழுக்க அதே பேச்சு. 1950களில் ஆண் வேடத்தையும் பெண்களே கட்டி ஆடிய குக்குக் இசைநாடகக் குழு, அதில் சேர மொக்போவிலிருந்து சியோலுக்கு ஓடிவரும் பெண். நாயகியாக வரும் கிம் தே-ரி பாடினால் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் என் கொரியத் தோழி பாதியிலேயே விட்டுவிட்டாள். "புயோங் இல்லாத கதையை நான் ஏன் பார்க்கணும்?" என்றாள். அவள் சொல்லித்தான் மூலமான வெப்டூனை, அதாவது இணையச் சித்திரக்கதையை, படித்தேன். நாயகியின் முதல் ரசிகை புயோங், பிறகு அவளுடைய காதலியும் ஆகிறவள். நாடகத்தில் அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். 12 பாகத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததாம். எனக்கு அது செரிக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இடம் இருந்ததே!

செங்காந்தள்:
அக்கா, அந்தக் குக்குக் மேடையைப் பத்தி நான் சொல்றேன். 2018ல வேலையா சியோல் போனப்ப, தேசிய நவீன கலை அருங்காட்சியகத்துக்குள்ள சும்மா நுழைஞ்சேன். சைரன் ஜங் உன்-யங்னு ஒரு கலைஞரோட காட்சி. 2008லேருந்து வயசான குக்குக் நடிகைகளைத் தேடிப்போய்ப் பதிவு பண்றவங்க. அந்தப் பாட்டிங்க எப்படி ஆம்பளையா மாறுறாங்கன்னு நின்னு பார்த்தா நேரம் போறதே தெரியல. நடை, தோள், குரலை இறக்குறது, எல்லாமே பயிற்சி. அந்த அருங்காட்சியகத்தோட அந்த வருஷத்துக் கலைஞர் விருதே அவங்களுக்குத்தான். அடுத்த வருஷம் வெனிஸ் பினாலேங்கிற உலகக் கலைக் கண்காட்சியில கொரிய அரங்குல இருந்த மூணு பேர்ல ஒருத்தரும் அவங்கதான்.

அப்புறம் வந்து தேடினப்ப ஒரு பழைய போட்டோ கிடைச்சுது. ஜோ கும்-எங்னு ஆண் வேஷத்துக்குப் பேர்போன நடிகை மாப்பிள்ளை, பக்கத்துல மணப்பெண்ணா ஒரு ரசிகை! ரசிகை ஆசைப்பட்டு எடுத்த 'கல்யாணப் படம்'. இவங்களை எல்லாம் லெஸ்பியன்னு நாம முத்திரை குத்த முடியாது, சரி. ஆனா அந்த ஆசைக்கு அன்னிக்கு ஒரு மேடை இருந்திருக்கு. 2024 டிவியில அதுக்கு இடமில்லைன்னா என்ன சொல்றது?

பழைய ஏடு:
இடமில்லை என்பது புதிதல்ல தங்கச்சி. 1436இல் மன்னர் சேஜோங் தன் மருமகளை, பட்டத்து இளவரசரின் மனைவியை, சோ-சாங் என்ற பணிப்பெண்ணோடு படுத்ததற்காக அரண்மனையை விட்டே அனுப்பினார். அரச நடபடிக் குறிப்பிலேயே இருக்கிறது. அங்கு அப்படி யாரும் கிடையாது என்று என்னிடம் சாதித்த ஒரு கொரியப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

2011இல் கொரிய அரசுத் தொலைக்காட்சியான கேபிஎஸ் 'கிளப் பிலிடிஸின் மகள்கள்' என்று ஒரு சிறு நாடகம் போட்டது. மூன்று தலைமுறை லெஸ்பியன் பெண்களின் கதை. எதிர்ப்பு கிளம்பியதும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், நான் தேடிப் போனபோது விமர்சனம்தான் கிடைத்தது. 2015இல் ஜேடிபிசி சேனலின் ஒரு பள்ளித் துப்பறியும் தொடரில் இரண்டு மாணவிகள் முத்தமிட்டதற்கு ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆணையம் எச்சரிக்கை கொடுத்தது. கொலையும் ரத்தமும் தினம் ஓடுகிற ஊரில்!

வெயில்மழை:
நான் 'யுன்ஹீக்கு' (2019) படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா யுன்ஹீக்கு வந்த கடிதத்தை மகள் பிரித்துப் படித்துவிடுகிறாள். எழுதியவள் ஜப்பானில் ஒடாருவில் இருக்கும் ஜுன், அம்மாவின் பள்ளிக்காலக் காதலி. மகள் ஒன்றும் தெரியாதவள் போல அம்மாவை அந்த ஊருக்கே பயணம் கூட்டிப்போகிறாள். அந்தக் காதலுக்காக வீட்டார் யுன்ஹீயை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிறகு அண்ணன் காட்டிய ஆளுக்குக் கட்டிவைத்தார்கள். இதெல்லாம் கடைசியில் கடிதத்தில்தான் வருகிறது, ஒரு சண்டைக்காட்சி கிடையாது. கிம் ஹீ-ஏ நாற்பதைத் தாண்டிய, தொழிற்சாலை கேண்டீனில் வேலைபார்க்கும் பெண்ணாக வருகிறார். இந்தக் கதைகளில் எப்போதும் இருபது வயதுப் பெண்கள்தானே, அதனாலேயே எனக்குப் பிடித்தது. புளூ டிராகன் என்ற கொரியத் திரைப்பட விருது மேடையில் இயக்குநர், இது குயர் படம்தான் (தன்பாலினக் காதல் படம்தான்) என்று வாய்விட்டுச் சொன்னார்.

'ஹம்மிங்பேர்ட்' படமும் பாருங்கள். 1994 சியோல். உயிரையே விடுவேன் என்பது போல நாயகியான பள்ளி மாணவி உன்-ஹீ பின்னால் சுற்றிய ஜூனியர் பெண் திடீரென முகம்கொடுக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அது போன செமஸ்டர்" என்பாள். நான் சிரித்தேன், பிறகு பாவமாக இருந்தது.

குட்டிமணி:
எல்லாம் சரி, அம்மாவோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எது? 'ஹேண்ட்மெய்டன்' படத்தை ஒருத்தி சொன்னான்னு போட்டு, பாதியில ரிமோட் தேடினேன்.

வெயில்மழை:
ஐயோ! அது பார்க் சான்-வூக் இயக்கிய படம் அம்மா, தனியாகப் பார். கதை, வஞ்சகம், இரண்டு நடிகைகள் எல்லாமே அபாரம், ஆனால் அந்தக் காட்சிகள் ஆண் கண்ணால் எடுத்தவையா என்று இன்றும் சண்டை ஓடுகிறது. அம்மாவோடு என்றால் யுன்ஹீ. எங்கள் அம்மா பார்த்து முடித்ததும், "அந்த அண்ணன்காரனை நாலு சாத்து சாத்தியிருக்கணும்" என்றார்.