மூன்றாவது போலராய்டும் ஜோன்ஸ் அணிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

ஒளியின் அதிர்வு ஒழுங்குபடுவதுதான் தளவிளைவு. அதை ஜோன்ஸ் அணிகளால் (எண்களைக் கட்டமாக அடுக்கிய அணிகள்) கணக்கிடுவது எம்.எஸ்சி. ஆய்வகத்தில் எனக்குப் பிடிபட்டது மூன்று போலராய்டு சோதனையில்தான். போலராய்டு என்பது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள். இரண்டை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் வெளிச்சம் வராது. நடுவே இன்னொன்றை 45 டிகிரியில் செருகினால் வருகிறது! தடுப்பு கூடினால் ஒளி குறையத்தானே வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரே வாக்குவாதம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை நீட்டினார்.

முதல் போலராய்டைத் தாண்டிய ஒளி (1, 0), அதாவது கிடைக்கூறு 1, செங்குத்துக்கூறு 0. 45 டிகிரி போலராய்டின் அணியில் நான்கு உறுப்புகளும் ½. பெருக்கினால் (½, ½). கடைசிப் போலராய்டு செங்குத்துக்கூறை மட்டும் விடுவதால் மிஞ்சுவது (0, ½). செறிவு அதன் வர்க்கம், கால் பங்கு. நடுவில் இருப்பது ஒளியைக் குறைப்பதோடு நிற்பதில்லை, அதிரும் திசையையும் மாற்றிவிடுகிறது. அதையே கடைசிக்கு நகர்த்திப் பெருக்கினால் விடை சுழி. மேசையிலும் இருட்டுதான். அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கக் கூடாது என்று வகுப்பில் ஒப்பித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ராபர்ட் கிளார்க் ஜோன்ஸ் 1941இல் வெளியிட்ட முறை இது. ஒளி முதலில் சந்திக்கும் உறுப்பின் அணி வலது ஓரத்தில் வரும். இது மட்டும் கொஞ்ச நாள் உறுத்தும்.

— எங்களுக்குப் பாடம் புகட்டியது கால் அலைத் தகடு, அதாவது ஒளியின் ஒரு கூறை மற்றதைவிடக் கால் அலை பிந்தவைக்கும் தகடு. கணக்குப்படி 45 டிகிரியில் வைத்தால் வட்டத் தளவிளைவு (அதிரும் திசை வட்டமாகச் சுழல்வது) கிடைக்க வேண்டும். ஆனால் பின்னால் போலராய்டைச் சுழற்றினால் வெளிச்சம் ஏறி இறங்கியது. தகடு 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கானது, மேசையில் இருந்ததோ 532 பச்சை. 90 டிகிரியாக இருக்க வேண்டிய கட்ட வேறுபாடு, அதாவது அந்தப் பிந்தும் அளவு, ஏறத்தாழ 107 ஆகியிருந்தது. அதை அணியில் போட்டதும் நீள்வட்டம் வந்துவிட்டது. இந்தத் தொல்லைக்குத்தான் பெங்களூரில் இயற்பியலாளர் பஞ்சரத்னம் 1955இலேயே மூன்று தகடுகளைக் கோணம் மாற்றி அடுக்கி வழி சொன்னார். அவர் கையாண்டது அணியை அல்ல, தளவிளைவின் ஒவ்வொரு நிலையையும் ஒரு புள்ளியாகக் காட்டும் புவான்கரே கோளத்தை. எனக்கும் இப்போது அதுதான் சுலபம்.

— நான் பால் கலந்த தண்ணீரில் லேசரைச் செலுத்திப் பார்த்தவன். சிதறி வரும் ஒளியில் பாதிக்குத் தளவிளைவே இருக்காது, ஜோன்ஸ் அங்கே கைவிட்டுவிடுவார். அரைகுறைத் தளவிளைவையும் குறிக்கும் ஸ்டோக்ஸின் நான்கு எண்களும், அவற்றைப் பெருக்கும் முல்லரின் 4×4 அணியும் வேண்டும். பதினாறு உறுப்புகளையும் கையால் பெருக்குவது தண்டனை, கணினியிடம் விட்டுவிடுங்கள். போலராய்டு, தகடு, சுத்தமான லேசர் என்றால் ஜோன்ஸே போதும்.