சாட்ஸ்வர்த்தில் மனநல ஆலோசனை: ஓர் அறையும் சில காதுகளும் வேண்டும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கம் மனநல ஆலோசனை செய்யும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்றாலும் வருபவருக்குச் செலவு உண்டு. 50 நிமிடம் பேச இரண்டு டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) மாறி வந்தால் தினக்கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. இரண்டு தடவை வராவிட்டால் 'ஆர்வமில்லை' என்று கோப்பில் ஏறிவிடுகிறது. தப்பு அவர்மேல் இல்லை, பகல் 11 மணிக்கு நேரம் கொடுத்தவர்மேல்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்திலும் இதே சிக்கல், வேலைச் சூழலின் விளைவு ஆளின் குறையாகப் பதிவாகிறது. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தூக்கம், களைப்பு, பசி பற்றிய மூன்றும் நைட் ஷிப்ட்காரருக்குத் தானாகவே ஏறும். ஆகவே மொத்தம் 10ஐத் தொட்டதும் மாத்திரைக்கு ஓடாமல், ஷிப்ட் என்ன, மாதக் கடைசியில் அடுப்பு எரிகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி மட்டும் விதிவிலக்கு. உயிரை விடும் எண்ணம் பற்றியது அது. 1 வந்தாலும் அன்றே தனியாகப் பேசியாக வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுவது. சம்மதம் மாதிரி தெரியும், பல நேரம் வெறும் மரியாதைதான். "நான் சொன்னதில் உங்க வீட்டுக்கு ஒத்துவராதது எது?" என்று கேட்டால் வாய் திறக்கும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் டைரி எழுதச் சொல்லி என்ன பயன்?

டாக்ஸி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமைகளில், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கிடைக்குமா? கோயில் மண்டபமானாலும் சரி. எங்கள் படிவத்தைப் படித்து, குத்தும் சொற்களைச் சுட்டிக்காட்ட, ஃபேக்டரி வேலை தெரிந்த அக்கா அண்ணன் நான்கைந்து பேரும் தேவை. முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.