நம்ம வீடு குரூப்: மே 3 பஞ்சாயத்து

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தம் மே 3 ஞாயிறு காலை. பாப்பு அமெரிக்காவிலிருந்து ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும். டிக்கெட் போட்டாச்சா?

அத்தை: 🙏🙏🙏

சித்தி: போட்டுடுவா மாமா

பாப்பு: அம்மா நான் எப்ப சொன்னேன்

பாப்பு: பெரியப்பா மே 2, 3 எனக்கு ரீஜனல்ஸ்

பெரியப்பா: பரீட்சையா?

அண்ணன்: தட்டு எறியிறதுப்பா 😂

பாப்பு: அல்டிமேட் ஃப்ரிஸ்பிணா. தட்டு இல்ல டிஸ்க்

சித்தப்பா: போன தடவ பேசினப்பவே சொன்னேன், கேப்டன் எல்லாம் வேணாம்னு

பெரியம்மா: ப்ளவுஸ் அளவு யாரும் இன்னும் அனுப்பல

பெரியப்பா: ஒரு விளையாட்டுக்காக அக்கா நிச்சயத்துக்கு வராம இருப்பாளா? உனக்கு பதிலா வேற பொண்ணு ஆடக்கூடாதா?

பாப்பு: பெரியப்பா கோவப்படாம முழுசா படிங்க. கிரவுண்ட்ல ஒரு பக்கம் 7 பேர், ஒரு கேம் 15 பாயின்ட், ஒரே நாள்ல மூணு நாலு கேம் வரும், ரெண்டு நாளும். எங்க டீம்ல மொத்தமே 12 பேர், அதுல ஒருத்திக்கு முட்டி போச்சு. போன வருஷம் 8 பேரோட போயி ரெண்டாவது நாள் யாருக்கும் ஓட கால் வரல, ரீஜனல்ஸுக்கு முந்தின ரவுண்டு கான்ஃபரன்ஸ், அதுலயே வெளிய வந்துட்டோம். இங்க இது வார்சிட்டி, அதாவது காலேஜே நடத்துற டீம் கிடையாது, கிளப்தான், காலேஜ் கோச்சுக்கு சம்பளம் தராது, அதனால ப்ராக்டிஸ், வேன், ரூம், ஃபீஸ் வசூல் எல்லாம் கேப்டன் தலையிலதான். இந்த வருஷம்தான் பழைய ப்ளேயர் ஒரு அக்கா சும்மாவே கோச் பண்ண வந்தாங்க. அவங்க வந்த அப்புறம்தான் புதுசா வந்த பொண்ணுங்க நின்னாங்க. ஏன்னா பேக்ஹேண்ட்ல எறியிறது எல்லாருக்கும் வந்துடும், ஃப்ளிக்னு ஃபோர்ஹேண்ட்ல எறியிறது வர மாசக்கணக்காகும், காத்து அடிச்சா அதுவும் போயிடும், சொல்லித்தர ஆள் இல்லன்னா ரெண்டே வாரத்துல ஓடிடுவாங்க

அண்ணன்: இது மெசேஜா மகாபாரதமா

அக்கா: டேய் சும்மா இரு. நீ சொல்லுடி

பாப்பு: அதான்கா. ஃபால்ல, அதாவது இலையுதிர் சீசன்ல ஆடுற டோர்னமென்ட் ராங்கிங்ல சேராது, அதனால புதுசுங்கள எல்லா பாயின்ட்லயும் இறக்குவோம். பெண்களுக்கு மட்டும்னு வைக்கிற சின்ன டோர்னமென்ட்தான் இதுக்கு பெஸ்ட். எங்கள மாதிரி தேறாத டீமுங்களே எதுக்க நிக்கும், 15-2 தோத்து அழ வேணாம்

சித்தப்பா: அம்பயர் யாரு

பாப்பு: யாரும் இல்லப்பா. ஃபவுல் நாமளே சொல்லி பேசி முடிச்சுக்கணும்

அண்ணன்: நம்ம வீட்ல இத ஆடினா முதல் பாயின்ட்டே முடியாது

அத்தை: 😂😂

பெரியப்பா: இதெல்லாம் நேத்து வந்த விளையாட்டு

பாப்பு: காலேஜ் டீம் ரெண்டு முதல் தடவ மோதினது 1972ல பெரியப்பா, ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும். பெண்களுக்கு தனி நேஷனல்ஸ் 1987ல வந்துச்சு

அத்தை: 87ஆ? 88ல எனக்கு பால் பேட்மின்டன் ஜோனல் வந்துச்சு. ஒருத்தர் "ஜோனல் என்ன பெரிய ஜோனல், வீட்ல விசேஷம் இருக்கு"ன்னு சொன்னாரு. இதே குரல்

பெரியப்பா: அது பழைய கதை

அத்தை: பழசுதாண்ணா. பேட் இன்னும் பரண்லதான் இருக்கு

பெரியம்மா: பரண்ல ஏறினா அந்த பெரிய தூக்கையும் எடுத்து குடுங்க அண்ணி, போன விசேஷத்துக்கு வாங்கிட்டு போனது

அத்தை: அது அப்பவே குடுத்துட்டேன் அண்ணி

பெரியம்மா: இல்லையே

சித்தி: மாமா, அவ சனிக்கிழமை ஆடிட்டு ராத்திரி கிளம்பினா?

பாப்பு: அம்மா ஞாயிறுதான் முக்கியமான கேமே. தவிர ப்ளைட்டுக்கே ஒரு நாளுக்கு மேல ஆகும்

அக்கா: அப்பா, ஒரு வாரம் தள்ளி வைக்க கேளுங்களேன். இவ இல்லாம என்ன நிச்சயம்

பெரியப்பா: அவங்க சம்மதிக்க வேண்டாமா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் வேற குடுத்தாச்சு. கேட்டுப் பாக்கறேன். வாக்கு எதுவும் தரல

அக்கா: ❤️

சித்தப்பா: கேட்டாலும் நான் டிக்கெட் போட்டு வைக்கிறேன், கேன்சல் பண்ற மாதிரி

பாப்பு: அப்பா வேணாம்

பெரியம்மா: வர்றியோ இல்லயோ அளவ அனுப்பு. பழைய அளவே வைக்கட்டுமா

பாப்பு: சேராது பெரியம்மா. எறிஞ்சு எறிஞ்சு வலது தோள் பெருசாயிடுச்சு

பெரியம்மா: ஒரு பக்கம் மட்டுமா??