625001: மதுரைத் தலைமைத் தபால் நிலையப் பின்கோடைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்த அனுபவங்கள் (பேசுவோர் பெயருக்குப் பதில் அவரவர் மதுரை ஏரியா)

சிம்மக்கல்:
625001 பார்த்த மாத்திரத்தில் பகா எண் மாதிரியே இருக்கும். 2, 3, 5 எதற்கும் மசியாது. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிச்சிடலாம். மூணு மூணு இலக்கமாப் பிரிச்சு, 625இல் 001ஐக் கழிங்க: 624. இது 13 × 48. 7 × 11 × 13 = 1001 என்பதால், இந்த மூன்றில் எது 624ஐ மீதியில்லாமல் வகுக்குதோ அதுவே முழு எண்ணையும் வகுக்கும். ஆக, 625001 = 13 × 48077. தல்லாகுளம் 625002க்கு 623 வரும், 7 × 89. கே.கே. நகர் 625020க்கு 605, 11 × 55. மூணு ஏரியாவுக்கு மூணு வகுத்தி, என்ன அழகு!

பழங்காநத்தம்:
அண்ணே, 48077தான் ஆளைத் திணறடிக்கிற இடம். 17இலிருந்து பகா எண்ணா வகுத்துக்கிட்டே போனா 127 வரை 25 வகுத்தல் வீண், 131இல்தான் மாட்டும். கணித மேதை ஃபெர்மாவோட வழியே மேல். 48077ஐ இரண்டு எண்களின் வர்க்கங்களோட வித்தியாசமா எழுதணும்; அப்போ அந்த இரண்டு எண்களைக் கழிச்சதும் கூட்டினதும் வகுத்திகளாயிடும். பெரிய எண் 220க்குக் குறையாது. 48077ஐ 4ஆல் வகுத்தா மீதி 1, அதனால பெரிய எண் ஒற்றைப்படை. 3ஆல் வகுத்தா மீதி 2, அதனால அது 3இன் மடங்கு. மிஞ்சுறது 225, 231, 237, 243, 249...

225² − 48077 = 2548. 8இல் முடியும் வர்க்கமே கிடையாது.
231க்கு 5284. 72² = 5184, 73² = 5329, நடுவுல விழுது.
237க்கு 8092, 243க்கு 10972. 2இல் முடியுது, தள்ளுங்க.
249க்கு 13924 = 118². பிடிச்சாச்சு!

249 − 118 = 131, 249 + 118 = 367. இரண்டுமே பகா எண். ஆக, 625001 = 13 × 131 × 367.

220இல் தொடங்குறவங்களுக்கு 323 வரும். 18² = 324 ஆச்சே, ஒண்ணுதானே குறையுதுன்னு கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவாங்க. கணக்கு சரிதான். 220 இரட்டைப்படை, அங்கே கிடைக்கவே வழியில்லை.

திருநகர்:
625001ஐ 4ஆல் வகுத்தா மீதி 1. அதை நம்பி இரண்டு வர்க்கங்களின் கூட்டலாத் தேடாதீங்க. 131, 367 தனித்தனியா மீதி 3 தரும்; பெருக்கும்போது 3 × 3 = 9, மீதி 1 ஆகி மறைஞ்சிடுது. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை தடவை வந்தால்தான் கூட்டல் அமையும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு தடவைதான்.

சிம்மக்கல்:
அருமை தம்பி. 13ஐ முதல்ல கழட்டாம 625001இலேயே ஃபெர்மாவைப் போட்டா, இதே மாதிரி ஒற்றைப்படை, 3இன் மடங்குன்னு வடிகட்டினாகூட 795இலிருந்து 1035 வரை 41 முயற்சி ஆகும். நெருங்கின ஜோடியே 367, 1703தான், அம்புட்டு இடைவெளி. விடையை இலக்கக் கூட்டலால் சரிபார்க்கலாம்: 13, 131, 367க்கு ஓரிலக்கம் வரும்வரை கூட்டினா 4, 5, 7. 4 × 5 × 7 = 140, அது 5; 625001க்கும் 14, அதாவது 5. ஆனா 367ஐ 376ன்னு மாத்தி எழுதினாலும் இது ஒத்துப்போகும். கடைசி இலக்கத்தையும் பெருக்கிப் பாருங்க: 3 × 1 × 7 = 21, முடிவு 1 வரணும்.